அடி விழுவதற்கு முன்னால்

(மயிலாப்பூரில் மாணவர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பகலில் வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணுகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். மேடைப் பேச்சு பழக்கமில்லை. மனசில் பட்டதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2024 நவம்பர் 13. கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் பிழைத்துக்கொண்டார். டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது நியாயம். இதில் 'ஆனால்' போட்டு இழுக்க எனக்கு ஒன்றுமில்லை.

என் கேள்வி வேற. மருத்துவப் பணியாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மூன்று வருஷத்திலிருந்து பத்து வருஷம் வரை சிறை. அதற்கப்புறமும் 16 வருஷம் கழித்துக் கத்தி உள்ளே போனது. ஏன்? சட்டம் எப்பவும் அடி விழுந்த பிறகுதான் வருகிறது. அடிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். டாக்டர் உள்ளறையில் இருக்கிறார். வாசலில் நிற்பது செக்யூரிட்டி. தள்ளுவண்டி தள்ளுவது, ரத்தம் துடைப்பது, கழிப்பறை கழுவுவது ஒப்பந்தத் தொழிலாளி. பெட் கிடைக்கவில்லை, ரிப்போர்ட் வரவில்லை என்கிற கோபம் முதலில் இவர்கள் மேல்தான் இறங்கும். டாக்டரிடம் கத்தப் பயப்படுகிறவர்கூட பெருக்குகிற அம்மாவிடம் கத்தப் பயப்படுவதில்லை. கோபத்துக்கும் சாதி தெரியும் தோழர்களே. யார்மேல் கை வைத்தால் கேட்க ஆளில்லை என்று அதற்கு நன்றாகத் தெரியும்.

தி.நகரில் எங்கள் கிளைக்குப் பக்கத்துத் தெருவைப் பெருக்குகிற அக்காவிடம் ஒருநாள் கேட்டேன், "யாராவது அடிச்சிருக்காங்களாக்கா?" என்று. "அடிக்கிறதெல்லாம் இல்ல தம்பி. திட்டுவாங்க, குப்பைய மேல தூக்கிப் போடுவாங்க, விடிகாலையில குடிச்சிட்டு வந்து கையப் புடிப்பானுங்க. அடியெல்லாம் இல்ல" என்றார். வன்முறை என்பதற்கு அவர் வைத்திருக்கிற அளவுகோலைப் பாருங்கள். அந்த அளவுகோலை அவர் கையில் கொடுத்தது யார்?

பொது இடத்தில் சாதிப்பெயர் சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நகரம் கெட்டிக்காரத்தனமானது. சாதிப்பெயரைச் சொல்லாது. 'ஏய் குப்பை' என்று கூப்பிட்டால் போதும், அதிலேயே எல்லாம் வந்துவிடுகிறது.

1992இல் ராஜஸ்தான் படேரி கிராமத்தில் பன்வாரி தேவி. குயவர் சாதி. அரசுத் திட்டத்தில் ஊர் ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அரசு அவருக்குக் கொடுத்த வேலை. அந்த வேலையைச் செய்ததற்காக ஆதிக்க சாதி ஆண்களால் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். 1995இல் கீழ்க்கோர்ட், குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவருக்கு நடந்ததை முன்வைத்துப் போட்ட பொதுநல வழக்கில்தான் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது; அதிலிருந்து 2013 சட்டம் வந்தது. இன்றைக்கு என் வங்கியில் புகார்க் குழு இருக்கிறதென்றால் அது பன்வாரி தேவி பட்ட பாட்டின் பலன். அந்தச் சட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளியும் ஊழியர்தான் என்று எழுதியிருக்கிறது. தெரு பெருக்குகிற அக்காவுக்கு இதை யார் போய்ச் சொன்னார்கள்?

2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்யப் போன ஆம்புலன்ஸை இதே சென்னையில் கல்லால் அடித்தார்கள். ஓட்டிப்போனவர்களும் அடிபட்டார்கள். கை தட்டி விளக்கேற்றிய மாசம் சரியாக முடியக்கூட இல்லை.

அதே 2020இல் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலை தனியார் கைக்குப் போனது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் தொழிலாளர்கள் அதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. தனியார்மயம் சம்பளப் பிரச்சினை மட்டுமில்லை. அடிபட்டவள் கம்பெனியைக் கேட்டால் மாநகராட்சியைக் காட்டும். மாநகராட்சியைக் கேட்டால் கம்பெனியைக் காட்டும். புகாருக்குப் போக இடம் இல்லாமல் செய்வதும் வன்முறைதான்.

என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. தனி ஆளாக ஒருத்தரும் திறக்க முடியாது. அலாரம் இருக்கிறது, கேமரா இருக்கிறது. திருடன் வந்த பிறகு யோசிக்கவில்லை, வருவதற்கு முன்பே யோசித்துவிட்டார்கள். பணத்துக்கு இவ்வளவு யோசிக்கத் தெரிந்த சமூகம்தான், விடிகாலை நாலு மணிக்கு ஒரு பெண்ணைத் தனியாகத் தெருவில் விடுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் தொடங்கிய திட்டத்தில் சுகர், பிரஷர் பார்க்க வீடு வீடாகப் போகிறவர்களுக்கு 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உலகத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆவது உடன்படிக்கை தன்னார்வலர், பயிற்சியாளர், ஒப்பந்தக்காரர் எல்லாரையும் சேர்த்துப் பேசுகிறது. வேலைக்குப் போகிற வழியும் கழிப்பறையும்கூட வேலையிடம்தான் என்கிறது.

அதனால் நம் கோரிக்கைகள்: இருட்டில் தனி ஆளுக்கு வேலை கூடாது. மிரட்டல் வந்தால் சம்பளம் பிடிக்காமல் இடத்தைவிட்டு நகர உரிமை வேண்டும். வேலை யாருக்காக நடக்கிறதோ அந்த மாநகராட்சியும் மருத்துவமனையுமே புகாரை வாங்க வேண்டும். புகார்க் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளி உட்கார வேண்டும்.

இன்னொன்று. ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவரும் நம்ம ஆள்தான். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் பாதுகாப்பு என்ற பெயரில் லத்தியைக் கூட்டினால், அது நம் முதுகில்தான் விழும். கூட்ட வேண்டியது நர்சுகளை, ஊழியர்களை. 'உங்க அம்மாவுக்கு இன்னது செய்கிறோம், இவ்வளவு நேரமாகும்' என்று நின்று சொல்ல ஒரு மனுசர் வேண்டும். பதில் கிடைக்காத இடத்தில்தான் கோபம் முற்றுகிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் வேலை செய்கிற அக்கா, அண்ணன்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: என்றைக்கு, எங்கே, என்ன சொன்னார்கள், யாரிடம் முறையிட்டீர்கள், என்ன ஆனது. அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். மூன்று மாசம் கழித்து அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குச் சேர்ந்து போவோம். எழுதாத புகாரை இல்லாத புகார் என்பார்கள். நாம் எழுதி வைப்போம்.

ஜெய் பீம்.