மலையேறும் டீசல் பிக்கப்புக்கு மேலதிக மானிகள்

(சப்பிரகமுவப் பகுதிக் கமக்காரர் வகுப்பொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



நெல்லையும் மரக்கறியையும் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் வாகனத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். சந்தைக்குப் போய்ச் சேராத போஞ்சியும் தக்காளியும் எருக்குழிக்கே போகின்றன. அன்றியும், 2020ஆம் ஆண்டு மார்ச் மாதந்தொட்டு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நம் நாட்டுக்கு வாகன இறக்குமதி பெரும்பாலும் தடைப்பட்டிருந்தது. 2025இல் அத்தடை நீங்கிய பின்னரும் நம்மிற் பலர் பழைய பிக்கப்பையே பேணி ஓட்டிவருகின்றோம். ஆகவே அதன் எஞ்சினைக் காப்பதும் இன்று கமத்தொழிலின் ஒரு பகுதியே.

நம் மாகாணத்து வீதிகளை நீங்கள் அறிவீர்கள். எட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல வழியாகக் கினிகத்தேனைக்கு ஏறும் வீதி, இரக்குவானைக்கு மேலுள்ள புலுத்தோட்டைக் கணவாய், பலாங்கொடையைத் தாண்டி பெரகலைப் பக்கம் செல்லும் ஏற்றம் ஆகிய இடங்களிற் பாரமேற்றிய பிக்கப் தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்கின்றது. எஞ்சின் கடுமையாக உழைக்கின்றது, வேகமோ குறைவு, ஆதலால் ரேடியேட்டருக்குள் புகும் காற்றும் குறைவு. வயற்பாதையின் சேறும் வைக்கோற் தூளும் ரேடியேட்டரின் கண்களை அடைத்திருந்தாற் சொல்லவேண்டியதில்லை.

எனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவர் பலாங்கொடைக்கு மேலேயுள்ள தம் தோட்டத்துக்குக் கோழி எரு ஏற்றிச் சென்றார். பாதி ஏற்றத்தில் ரேடியேட்டரின் கீழ்க்குழாய் வெடித்து நீர் முழுவதும் வீதியில் ஓடிவிட்டது. வெப்பமுள் சிறிது உயர்ந்து, பின்பு தாழ்ந்தது. எஞ்சின் குளிர்ந்துவிட்டது என்று மகிழ்ந்து அவர் மேலும் ஒரு மைல் ஓட்டினார். அந்த ஒரு மைலுக்கு அவர் கொடுத்த விலை வெடித்த சிலிண்டர் ஹெட்டும், இரண்டு மாதங்கள் அயலாரின் லொறிக்குக் கொடுத்த வாடகையும் ஆகும்.

முள் ஏன் பொய் சொன்னது? உண்மையில் அது பொய் சொல்லவில்லை. வெப்பமானியின் உணரி, அதாவது கராஜ்காரர் சென்சர் என்று கூறும் சிறு துண்டு, நீரில் அமிழ்ந்திருந்தாலே நீரின் சூட்டைச் சரியாகச் சொல்லும். நீர் வடிந்தபின் அது வெறும் ஆவியில் தொங்குகின்றது. வரம்போரம் நட்ட அளவுகோல், நீர் வற்றிய வயலில் எதனை அளக்கும்? இதனுடன் இன்னொன்றையும் அறிந்துகொள்க. வாகனத்துடன் வரும் வெப்பமுள் பலவற்றில் வேண்டுமென்றே மந்தமாக்கப்பட்டிருக்கும். சூடு 80 பாகை செல்சியசிலிருந்து 100 வரை ஏறினாலும் முள் நடுவிலேயே நிற்கும். அது அசையத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

ஆகையால், கையில் ஒரு மானிக்கு மட்டுமே பணம் உண்டெனின், சிலிண்டர் ஹெட்டின் உலோகச் சூட்டை நேரே அளக்கும் வெப்பமானியை, எச்சரிக்கை மணியுடன் வாங்குமாறு கூறுவேன். வளையம் போன்ற அதன் உணரி ஹெட்டில் உள்ள ஏதேனும் ஒரு சிறு போல்ட்டின் கீழ் அமர்கின்றது. நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இரும்பின் சூட்டையே சொல்லும். ஹெட்டை எஞ்சினுடன் பிணைக்கும் பெரிய போல்ட்டுகளை இதற்காக ஒருபோதும் கழற்றலாகாது. எக்சோஸ்ட் குழாயின் அருகிலும் உணரியை வைக்கலாகாது. மணி அடிக்கவேண்டிய அளவைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கொண்டு தீர்மானிக்க வேண்டாம். வழக்கமான பாரத்துடன், நீங்கள் ஏறும் மிகக் கடுமையான ஏற்றத்தை வெயில் வேளையில் ஏறி, முள் காட்டிய உச்ச அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் எட்டு அல்லது பத்துப் பாகையில் மணியை அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணெய் அமுக்கமானி. டாஷ்போர்ட்டிலுள்ள சிவப்பு எண்ணெய் விளக்கு, அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 5 இறாத்தலாக வீழ்ந்த பின்னரே எரிவது வழக்கம். நின்றபடி இயங்கும் எஞ்சினுக்கு அது போதுமாயினும், பாரத்துடன் ஏறும் எஞ்சினுக்கு அது மரணச் செய்தியாகும். நிமிடத்துக்கு ஒவ்வோர் 1,000 சுழற்சிக்கும் 10 இறாத்தல் வேண்டும் என்பது மெக்கானிக்குமாரின் பழைய கணக்கு. உங்கள் வாகனத்தின் கைந்நூலில் வேறு அளவு குறிப்பிட்டிருப்பின் அதனையே கொள்ளுக.

சிலவகை மானிகளில் எண்ணெயே சிறு குழாய் வழியாகச் சாரதியின் முன்வரை வந்து, உள்ளேயுள்ள வளைந்த குழாயை நிமிர்த்தி முள்ளைத் திருப்புகின்றது. 1849இல் பிரான்சு நாட்டு பூர்டோன் என்பார் உரிமை பெற்ற இம்முறை மிக நம்பிக்கையானது. ஆயினும் அதிர்ச்சியிற் குழாய் விரிசல் கண்டாற் கொதிக்கும் எண்ணெய் காலிற் கொட்டும். பிக்கப்புக்கு மின்சார மானியே நன்று. மின்சார மானியை அதற்கென வந்த உணரியுடனேயே வாங்கவேண்டும்; ஒரு கம்பெனியின் மானியும் மற்றொன்றின் உணரியும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

பொருத்தும்போது பலர் தவறுவது புரியிலேதான். ஜப்பானிய எஞ்சின்களின் எண்ணெய்த் துளையில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 28 புரி உண்டு. அமெரிக்க முறை மானிகளின் உணரியிலோ 27 புரி. இரண்டும் எட்டிலொரு அங்குல அளவு என்றே விற்கப்படும். கண்ணுக்கும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டு சுற்று எளிதாகச் சென்று பின்பு இறுகினால் நிறுத்திவிடுங்கள். வலிந்து முறுக்கினால் எஞ்சினின் புரியே அழியும். அதற்குரிய இணைப்புத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். பழைய விளக்கின் உணரியையும் புதியதையும் ஒரு ‘டீ’ துண்டில் சேர்த்து எஞ்சினிலேயே தொங்கவிடுவது எளிது. ஆனால் அப்பாரம் அதிர்ந்து அதிர்ந்து துண்டை ஒடித்துவிடும். நெகிழும் எண்ணெய்க் குழாயொன்றைப் பயன்படுத்தி, உணரிகளை எஞ்சினுக்குப் புறத்தே, பொனட்டுக்குள் உள்ள தகட்டிற் பொருத்துவதே முறை. அவ்வாறு செய்யும்போது உணரிக்குத் தனியே எர்த் வயர் கொடுக்க மறவாதீர்கள்.

டர்போ பூட்டிய வாகனமாயின் எக்சோஸ்ட் வெப்பமானி பயன் தரும். டர்போவுக்கு முன்னே வாயுவின் சூடு நீண்டநேரம் 700 பாகை செல்சியசைத் தாண்டலாகாது என்பது பொதுவான எல்லை. தாண்டினால் ஒரு கியர் குறைத்து, அக்சிலரேட்டரை விடுங்கள். டர்போவுக்குப் பின்னே உணரியை வைத்தால் பாரமேறும்போது நூறு பாகைக்கும் மேல் குறைத்துக் காட்டும். துளையிடுவதற்கு மனிபோல்டைக் கழற்றவேண்டும். கழற்றாமலே துளையிட்டுத் தருகிறேன் என்பவரிடம் வாகனத்தை விடாதீர்கள்; உள்ளே விழும் ஓர் இரும்புத் துகள் டர்போவின் இதழ்களை முறித்துவிடும். இதன் உணரி வயர் தனி உலோகத்தால் ஆனது. நீளம் போதாதென்று சாதாரணச் செப்பு வயரை ஒட்டினால் அளவு பிழைக்கும். டர்போவின் காற்றமுக்கத்தைக் காட்டும் மானியை இளைஞர் பெரிதும் விரும்புகின்றனர். காற்றுக்குழாய் கிழிந்தால் அது அறிவிக்கும் என்பது மெய்; எனினும் முதலிரண்டையும் வாங்கிய பின்னர் அதனை நினைத்தாற் போதும்.

மின்கலத்தின் வோல்ற் மானி மலிவானது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருப்பது நலம். வாங்குமுன் உங்கள் வாகனம் 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்று பாருங்கள். சில லொறிகள் 24 வோல்ற் கொண்டவை.

வேலை தொடங்குமுன் மின்கலத்தின் எர்த் வயரைக் கழற்றுங்கள். மானிக்கு வரும் மின்சாரம் சாவியைத் திருப்பிய பின்பே வரவேண்டும். அதனுடன் சிறு பியூஸ் ஒன்றும் இருக்கவேண்டும். எஞ்சின் அறைத் தகட்டை வயர் துளைத்துச் செல்லுமிடத்தில் இறப்பர் வளையம் போடாவிட்டால், தகட்டின் விளிம்பு வயரை அறுத்துத் தீ மூட்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கின்றது. முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு இங்கு ஒரு போகம்கூடத் தாங்காது. ஈயம் ஒட்டி, வெப்பத்திற் சுருங்கும் உறையை இடச் சொல்லுங்கள். மானியைச் சாரதியின் கண் எட்டும் இடத்தில், ஆனால் வளைவில் வீதியை மறைக்காதவாறு வைக்கவேண்டும்.

மணி அடித்தால் என் செய்வது? பதற்றத்தில் ஓடும் வாகனத்தின் எஞ்சினை அணைத்துவிடாதீர்கள். பிரேக்கின் உதவியும் ஸ்டீரிங்கின் உதவியும் போய்விடும். ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லுங்கள். சூடு மெல்ல ஏறியதாயும் நீர் ஒழுகாததாயும் இருப்பின் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டாற் சூடு தணியும். நீர் வடிந்திருந்தாலோ, எண்ணெய் முள் வீழ்ந்திருந்தாலோ உடனே அணைக்கவேண்டும். ரேடியேட்டர் மூடியை அரைமணி நேரமாவது தொடவேண்டாம். மூடியின் அமுக்கத்தில் நீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருந்து, திறந்தவுடன் முகத்திற் சீறும்.

பொருத்தி ஒரு வாரம் சென்றபின் எல்லா இணைப்புகளையும் ஒருமுறை பாருங்கள். எண்ணெய்க் கசிவு பெரும்பாலும் அப்போதே தெரியவரும்.