நிரல்நிறையும் செய்நிரலும்



தமிழிலக்கணம் பயின்றோர் நிரல்நிறை என்னும் பொருள்கோளை நன்கறிவர். சில பெயர்களை ஒரு வரிசையாகவும், அவற்றுக்குரிய வினைகளை மற்றொரு வரிசையாகவும் நிறுத்தி, முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் பொருத்திப் பொருள் கொள்வதே அது. 'கிளியும் மீனும் பறக்கும், நீந்தும்' என்றால், கிளி பறக்கும், மீன் நீந்தும் என்று கொள்கிறோம். கிளி நீந்தும் என்று எவருங் கொள்வதில்லை. கேட்பவர் கிளியையும் அறிவார், மீனையும் அறிவார். கணினியோ இரண்டினையும் அறியாது. அந்த அறியாமையால் விளையும் பிழைகளையும், அவற்றைத் திருத்தும் வழிகளையும் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

ஒரு வகுப்பின் தவணைப் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். கமலா, இராசன், சிவம் என மாணாக்கர் மூவர். தமிழில் அவர்கள் பெற்ற புள்ளிகள் முறையே 72, 45, 88. கணிதத்திலே 60, 81, 54. இரு பட்டியல்களையும் நிரல்நிறையாகக் கூட்டினால் 132, 126, 142 என்பன வருதல் வேண்டும்.

இத்தகைய வேலைக்குச் செய்நிரல் எழுதுவோர் சுற்று ஒன்றினை அமைப்பர். ஒரு கட்டளையைப் பட்டியலின் உறுப்புத்தோறும் திரும்பத் திரும்ப நிறைவேற்றுவிப்பது சுற்று எனப்படும். புதிதாகப் பயில்வோர், பட்டியல்கள் இரண்டாதலின் சுற்றுகளும் இரண்டாதல் வேண்டுமென எண்ணி, ஒரு சுற்றினுள்ளே மற்றொன்றை அமைத்துவிடுகின்றனர். விளைவு யாது? கமலாவின் தமிழ்ப் புள்ளி மூவருடைய கணிதப் புள்ளிகளோடும் தனித்தனியே கூட்டப்படுகின்றது. ஏனையோருக்கும் அவ்வாறே. மூன்று விடைகள் வரவேண்டிய இடத்தில் ஒன்பது வருகின்றன. வகுப்பில் 40 பேர் இருப்பின் 1600 வரும். இப்பிழை கண்டவுடனே புலப்படும். ஆதலின் அதனாற் பெருந்தீங்கில்லை.

இதனினுங் கொடியது ஒன்றுண்டு. அதே இரு சுற்றுகளை அமைத்து, மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரே இடத்தில் விடையை எழுதுமாறு கட்டளையிட்டால், உட்சுற்று முன்னெழுதியதை அழித்து அழித்து எழுதும். இறுதியில் எல்லாருடைய தமிழ்ப் புள்ளியோடும் சிவத்தின் கணிதப் புள்ளியே சேர்ந்து நிற்கும். அப்போது வரும் விடைகள் 126, 99, 142. எண்ணிக்கை சரி. கடைசி விடையை மட்டுஞ் சோதிப்பின் அதுவுஞ் சரி. ஆயினும் கமலா 6 புள்ளிகளையும், இராசன் 27 புள்ளிகளையும் இழந்துவிட்டனர்!

இதனைத் திருத்துவது எளிது. பட்டியல்கள் இரண்டாயினும் சுற்று ஒன்றே போதும். ஒரே இட எண் இரு பட்டியல்களிலும் ஒருங்கே நகர்தல் வேண்டும். பைதன் என்னும் செய்நிரல் மொழியில் இட எண்கள் 1 இலிருந்தன்றி 0 இலிருந்து தொடங்குகின்றன. இதனை மறந்து 1 இலே தொடங்குவோர் கமலாவை முற்றாக விட்டுவிடுவர். இட எண்ணைக் கையாளும் தொல்லையே வேண்டாமெனின், 2000ஆம் ஆண்டு அம்மொழியிற் சேர்க்கப்பட்ட 'ஸிப்' என்னும் செயற்கூறு உண்டு. உடுப்பின் ஸிப் இருபுறத்துப் பற்களையும் கோப்பதுபோல, அது இரு பட்டியல்களையும் உறுப்புக்கு உறுப்பாகக் கோத்துத் தரும்.

ஆயின், ஒன்றை மறத்தலாகாது. கணிதப் பரீட்சைக்கு இராசன் வரவில்லை என்று கொள்வோம். ஆசிரியர் அவனது இடத்தை வெறுமையாக விடாது 60, 54 என இரண்டினை மட்டும் எழுதிவிட்டார். ஸிப் யாதொரு முறைப்பாடுமின்றிச் சிவத்தின் 54ஐ இராசனுக்கு வழங்கும். குறுகிய பட்டியல் முடிந்ததும் நின்றுவிடும். சிவம் பட்டியலிலேயே இல்லாதவனாவான். 2021ஆம் ஆண்டு வெளிவந்த பைதன் 3.10 பதிப்பில் 'ஸ்ட்ரிக்ட்' என்னும் நிபந்தனை சேர்க்கப்பட்டது. அதனை இட்டால், நீளம் ஒவ்வாதவிடத்துக் கணினி வேலையை நிறுத்திப் பிழையை அறிவிக்கும்.

அதுவும் முழுக்காப்பன்று. தமிழுக்குக் கமலாவும் கணிதத்துக்கு இராசனும் வராதுபோயின், இரு பட்டியல்களும் இரண்டிரண்டாய்ச் சமமாகிவிடும். நிபந்தனை வாய்திறவாது; ஆனால் இராசனின் தமிழ்ப் புள்ளியோடு கமலாவின் கணிதப் புள்ளி கூடிநிற்கும். ஆகவே, புள்ளியைத் தனித்து எழுதாது, மாணாக்கரின் சுட்டெண்ணோடு பிணைத்தே எழுதிவைத்தல் தலைசிறந்த வழியாகும். பின்னர் இடத்தைக் கொண்டன்றிச் சுட்டெண்ணைக் கொண்டே பொருத்தலாம். செய்நிரலைச் சோதிக்கும்போதும் கடைசி விடையோடு அமையாது, முதலையும் இடையையும் கையாற் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

தேர்ச்சி அறிக்கையிலே 99 என்று கண்ட தந்தை இராசனைக் கடிந்துகொள்வார். கணினி பிழைத்ததென்று அச்சிறுவன் எங்ஙனம் வாதாடுவான்? அவனுக்காக வாதாட வேண்டியவர் செய்நிரலை எழுதியவரே. அதுவும் அவ்வறிக்கை அச்சாகுமுன்னரே.