கோர்பு தீவில் ஒரு குடும்பம்



இவ்வாரம் ஆங்கில நூலொன்றைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். ஜெரல்ட் டரல் எழுதி 1956இல் வெளிவந்த 'மை ஃபமிலி அன்ட் அதர் அனிமல்ஸ்' என்பது அந்நூல். 'எனது குடும்பமும் ஏனைய விலங்குகளும்' என்று தமிழில் சொல்லலாம். தலைப்பிலேயே குறும்பு தொடங்கிவிடுகிறது.

கிரேக்கத்தின் மேற்குக் கரைக்கு அப்பால் அயோனியன் கடலில் இருக்கிறது கோர்பு தீவு. இந்தியாவில் பொறியியலாளராக இருந்த கணவர் 1928இல் காலமாக, இங்கிலாந்துக்குச் சென்றிருந்த லூயிசா டரல் 1935இல் பிள்ளைகளோடு இத்தீவுக்கு வருகிறார். மூத்தவர் லோரன்ஸ், பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியர். அடுத்தவர்கள் லெஸ்லியும் மார்கரெட்டும். கடைக்குட்டியான ஜெரல்ட் ஜம்ஷெட்பூரில் பிறந்தவர். அப்போது வயது பத்து. 1939இல் போர் நெருங்க, தீவை விட்டுப் போகிறார்கள். இடைப்பட்ட அந்த ஆண்டுகளே நூலின் காலம்.

பெருங்கதை ஏதுமில்லை. வீடு மாறுகிறார்கள், சாப்பாட்டு மேசையில் சண்டை பிடிக்கிறார்கள், படகேறிப் போய்க் கடலில் குளித்துவிட்டு வருகிறார்கள். சிறுவன் தீப்பெட்டிக்குள் ஒளித்துவைத்த தாய்த்தேளை, சிகரெட் பற்றவைக்கப் போன மூத்த அண்ணன் திறந்துவிட, குஞ்சுகளைச் சுமந்தபடி அது வெளியே வருகிறது. பிறகு நடக்கும் அமளியை நான் சொல்லி உங்களைச் சிரிக்கவைக்க முடியாது, நூலில் வாசியுங்கள்.

என்னை நிறுத்தியது வேறொரு விடயம். இந்தச் சிறுவன் பாடசாலைக்குப் போகவில்லை. முதலில் அண்ணனின் நண்பர் ஜோர்ஜ் வீட்டில் பாடம் சொல்லித் தருகிறார். கணக்கு ஏறாதபோது, புழுக்கள் இலை தின்னும் கணக்காக அதனை மாற்றிவிடுகிறார். சரித்திரத்தில் ஹனிபாலைவிட அவனுடைய யானைகளே முக்கியமாகின்றன. பிற்பாடு பெல்ஜிய நாட்டுக் கொன்சல் பிரெஞ்சு கற்பிக்கிறார்.

ஆனால் உண்மையான ஆசிரியர் தியடோர் ஸ்ரெபனிடிஸ். வைத்தியர், கவிஞர், விஞ்ஞானி. 1896இல் பம்பாயில் பிறந்தவர். மண்ணுக்குள் வளை தோண்டி, அதற்குக் கதவும் செய்யும் சிலந்தியைப் பற்றிச் சிறுவன் கேட்டதும், பக்கத்தில் நின்று தானும் பார்க்கிறார். இரண்டொரு நாளில் கையடக்கமான நுணுக்குக்காட்டி ஒன்று பையனுக்கு வந்து சேர்கிறது. இந்நூலைத் தமிழாக்குபவர் இந்த இடத்தில் சற்று யோசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். தமிழிலோ தியடோர் அந்தப் பத்து வயதுப் பிள்ளையை 'நீங்கள்' என்றுதான் அழைப்பார். 'தம்பி, நீ' என்று எழுதினால் மனிதரே மாறிவிடுவார்.

ஆகவே பாடசாலை வேண்டியதில்லை என்பதற்கு இந்நூலை ஆதாரமாக்குவது அவசரம். அதே வீட்டில், அதே கடலோரத்தில் லெஸ்லியும் இருந்தார். துப்பாக்கியோடு திரிந்தவர். தம்பியின் பிறந்தநாளுக்கு வட்டமான படகொன்றைக் கட்டிக் கொடுத்தவரும் அவர்தான். தம்பி 1959இல் ஜேர்சி தீவில் தமது விலங்கினக் காட்சிச்சாலையைத் திறந்தார். அருகிவரும் உயிரினங்களைக் காப்பதில் உலகப் பெயர் பெற்றார். லெஸ்லி எதிலும் காலூன்றவில்லை. தீவுக்கு வரும்போதே அவர் பதினெட்டு வயது வாலிபர் என்பது மெய்தான். என்றாலும் அவரோடு கூடநின்று பார்க்க ஒரு தியடோர் இருந்ததாக நூலில் காணோம். நூல் அவரைச் சிரிப்பதற்கே பயன்படுத்துகிறது.

இன்னொரு குறையும் உண்டு. 1936 ஆகஸ்டில் கிரேக்கத்தில் மெற்றாக்சாசின் சர்வாதிகாரம் வந்தது. நூலிலோ வெயில் குறையவேயில்லை. 1943 செப்டெம்பரில் ஜேர்மன் குண்டுவீச்சில் கோர்பு நகரம் எரிந்தது. 1944 ஜூனில் அந்நகரத்து யூதர்கள் பிடித்துச் செல்லப்பட்டு அவுஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டார்கள். இவையெல்லாம் நடந்து முடிந்த பின்னரே டரல் எழுதினார். சிறுவனின் பார்வை என்று சமாதானம் சொல்லலாம். அது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. தீவு சிலருக்கு விடுமுறை, சிலருக்கு ஊர். கிராமத்தவரோடு பழகிக் கிரேக்க மொழியைப் பிடித்துக்கொண்ட பையனுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருந்திருக்காது.

ஆர்வமுள்ள நேயர்கள் லோரன்ஸ் டரல் 1945இல் வெளியிட்ட 'புறொஸ்பரோஸ் செல்' நூலையும் தேடிப் பாருங்கள். அதே தீவு, அதே ஆண்டுகள். அதில் லோரன்சின் மனைவி நான்சி ஓரெழுத்துப் பெயரோடு நடமாடுகிறார். தம்பியின் நூலில் அண்ணனுக்கு மனைவியே இல்லை. தாயுடன் ஒரே வீட்டில் இருந்து சண்டை பிடிக்கும் தனியாளாகவே வருகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால், இவர்கள் இருவரும் ஒரே தீவில்தான் இருந்தார்களா என்று கேட்கத் தோன்றும்.