தேன்கூடு உணர்த்தும் பணிப் பங்கீடு

 

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையும், 27ஆம் அத்தியாயம் எறும்பின் பெயரையும் தாங்கி நிற்பதை நாம் அறிவோம். இச்சிற்றுயிர்கள் கூடி வாழும் முறையில் நமக்கு ஒரு பாடம் உண்டு.

ஒரு தேன்கூட்டில் வேலைக்காரத் தேனீக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. ராணித் தேனீ முட்டையிடுமேயன்றி எதற்கும் ஆணையிடுவதில்லை. பெரும்பாலும் வயதே வேலையைப் பங்கிடுகிறது. இளந்தேனீ முதலில் அறைகளைத் துப்புரவு செய்கிறது. அடுத்துப் புழுக்களுக்கு உணவூட்டுகிறது. பின்னர் மெழுகால் அடை கட்டுகிறது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் சென்ற பின்னரே பூந்தேனும் மகரந்தமும் தேடி வெளியே பறக்கிறது. வெளியிலோ பறவையும் காற்றும் மழையும் காத்திருக்கின்றன. ஆகவே ஆபத்து மூத்தவற்றுக்கு, பாதுகாப்பு இளையவற்றுக்கு. மாமரத்து இலைகளை இணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகளிலும் எல்லையைக் காத்து நிற்பவை மூத்தவையே.

மூத்த தேனீக்கள் பெருமளவில் மாண்டுவிட்டால், இளந்தேனீக்கள் பருவம் வருமுன்னரே வெளியேறுகின்றன. அவை விரைவில் மடிகின்றன, கூடும் நலிந்துபோகிறது.

இதே நிலையை நம் இருக்கன்குடி வட்டாரத்திலும் காண்கிறோம் அல்லவா? குழாய் உருட்டுவோர், மருந்து செலுத்துவோர், திரி செருகுவோர், சரம் பின்னுவோர் எனப் பட்டாசுத் தொழிலும் பங்கிட்டே நடைபெறுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தை நாம் மறந்துவிடவில்லை. தந்தையை இழந்த வீட்டில், புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு மகன் வேலைக்குப் புறப்படும் நிலை வருகிறது. சிவகாசிச் சிறார் உழைப்பு குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 18 வயது நிரம்பாதோரை அபாயத் தொழிலில் அமர்த்துவதை 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடை செய்தது. ஆயினும், சட்டம் அவ்வீட்டு அடுப்பில் உலை வைத்துவிடாது. அது நம் கடமை.

எனவே நாமும் பணியைப் பங்கிட்டுக் கொள்வோம். வசதியுடையோர் பைத்துல்மாலை நிரப்பட்டும். கற்றறிந்த இளைஞர் மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கட்டும். அலுவலக நடைமுறை அறிந்தோர் இழப்பீட்டு மனுக்களை எழுதித் தரட்டும். இவற்றுள் எதுவும் இயலாதோர், அவ்வீட்டுப் பிள்ளை இன்று பள்ளி சென்றானா என்று விசாரிக்கட்டும். அதுவும் ஒரு பங்கே.

நம் மஹல்லாவில் எந்தப் பிள்ளையும் பருவம் வருமுன் வெளியே அனுப்பப்படாதிருக்க வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.