நாய்க்கு முதல் கடி இலவசமா?

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் இவன் நாயைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் நினைக்கலாம். எங்கள் லயத்து அக்காள் ஒருத்தியின் இரண்டு சினையாடுகளைப் பக்கத்து வீட்டு நாய் குதறிப் போட்டது. மகளின் பள்ளிச் செலவுக்கு அவள் நம்பியிருந்தது அந்த ஆடுகளைத்தான். நாய்க்காரரோ, "என் நாய் இதுவரை எதையும் கடித்ததில்லையே" என்று கையை விரித்துவிட்டார். "தம்பி, கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று அக்காள் கேட்டாள்.

சட்டத்தைப் புரட்டினேன். உள்நாட்டுச் சட்டம் ஒன்றும் சொல்லாத இடத்தில், 1956 ஏப்ரல் 7 ஆம் தேதி இங்கிலாந்தில் வழங்கிய பொதுச் சட்டம் இந்தத் தீபகற்பத்தில் செல்லும் என்கிறது 1956 ஆம் ஆண்டுச் சிவில் சட்டம். அதன்படி, தன் நாய் பொல்லாதது என்று சொந்தக்காரருக்கு முன்பே தெரியும் என நாம் காட்ட வேண்டும். இல்லையேல் அவருடைய கவனக்குறைவைக் காட்ட வேண்டும். ஆனால் நம் ஆடு அடுத்தவன் பயிரை மேய்ந்தாலோ, முதல் தடவையே நஷ்ட ஈடு! ஆட்டுக்கு ஒரு நீதி, நாய்க்கு ஒரு நீதி.

வெள்ளைக்காரனுக்கே இது பொறுக்கவில்லை. 1855 இல் ஸ்காத்லாந்து ஆட்டு வழக்கொன்றில் பிரபுக்கள் சபை நாய்க்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. 1863 இல் ஸ்காத்லாந்துக்கும் 1865 இல் இங்கிலாந்துக்கும் சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். 1906 இல் வெள்ளாட்டையும் சேர்த்தார்கள். நமக்கு வந்து சேர்ந்தது பொதுச் சட்டம் மட்டுமே. அந்தத் திருத்தங்கள் கப்பல் ஏறவில்லை.

ஆகவே, ஒரு கோழியைக் கடித்தாலும் சும்மா இருக்காதீர்கள். தேதி, நேரம், பார்த்தவர் பெயர் போட்டு நாய்க்காரருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது. சங்கிலி அறுந்துவிட்டது என்ற சாக்கும் எடுபடாது. பங்களா நாயா? அதைக் கவனிக்கும் ஆளிடமும் சொல்லி வையுங்கள். நாய்க்குப் பொறுப்பாயிருந்த குதிரை வண்டிக்காரனுக்குத் தெரிந்திருந்தால் எஜமானுக்கும் தெரிந்ததாகவே கொள்ளலாம் என்பது 1872 ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கையை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே தொடுக்கலாம். ஆறு ஆண்டு தவணை உண்டு. ஆத்திரத்தில் விஷம் மட்டும் வைத்துவிடாதீர்கள். 2015 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. குற்றவாளிக் கூண்டில் நாம் நிற்க நேரும்.

அக்காள் விஷயம் என்னவாயிற்று? லயத்தில் வீடு வீடாக விசாரித்தேன். அதே நாய் முன்பு ஒரு வீட்டு வாத்தைக் கொன்றிருக்கிறது. நாய்க்காரர் இருபது வெள்ளி கொடுத்து வாயை மூடியிருக்கிறார். அப்படியானால் அவருக்குத் தெரியும்! வாத்துக்காரருக்குச் சாட்சி சொல்லத் தயக்கம். தினமும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் அல்லவா? நாளை மாலை நானும் அக்காளும் அவர் வீட்டுக்குப் போகிறோம்.