58 வயதில் சொன்னது



என் கதைகளில் வந்த பெண்களுக்கெல்லாம் கலியாணம் செய்துவைத்தேன், நான் செய்யவில்லை. காரணத்தை 58 வயதில்தான் சொன்னேன். என் மனம் பெண்ணைத்தான் நாடியது.

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ 1994இல் வந்தது. கொழும்பில் ஒளித்துவைத்து வாசித்தேன். அடுத்த வருடம் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவைத் திருத்தி, அதுவரை ஆண்களை மட்டும் குறித்த குற்றத்தில் பெண்களையும் சேர்த்தார்கள். சமத்துவம் இப்படியும் வருமாம்! 2022இல் ஐ.நா. குழுவொன்று அது பெண்களின் உரிமையை மீறுகிறது என்றது.

அம்மாவிடம் சொன்னபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. சுளகைக் கீழே வைக்காமலே கேட்டா: “விடுதியில உனக்குப் பக்கத்துக் கட்டில் பிள்ளை, எங்கட வீட்டுக் கூழுக்கு ஆசைப்படுமே, அது இப்ப எங்க?”

கனடாவில் என்றேன்.