நவம்பர் மாதத்து நான்காம் வியாழன்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வாழும் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



"புலம்பெயர் வாழ்வும் எமது பண்பாடும்" என்ற தலைப்பில் பேசும்படி விழாக்குழு எங்களைக் கேட்டது. அந்தத் தலைப்பில் இந்த மண்டபத்திலேயே எத்தனையோ பேச்சுகளைக் கேட்டிருக்கிறோம். அதனால் ஒரேயொரு சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போகலாம் என்று நாங்கள் எங்களுக்குள் முடிவு செய்தோம். அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி கூறும் நாள், அந்தநாள் விருந்து. எங்கள் கனடா அக்காமாருக்கு அது ஒக்ரோபர் இரண்டாம் திங்கட்கிழமையே வந்துவிடும். அவர்கள் எங்களுக்கு முன்னரே சாப்பிட்டு முடித்துவிடுவதைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு சிறு வாக்குவாதம் நடக்கும். அது இங்கே வேண்டாம்.

நாங்கள் அந்த மேசையில் முதன்முதல் இருந்தது 1987 ஆம் ஆண்டு. பொஸ்ரனுக்குப் பக்கத்தில் ஒரு மாடிவீட்டின் மேல்தட்டில் நால்வர் சேர்ந்து வாடகைக்கு இருந்தோம். நால்வரும் இந்தக் கல்லூரிப் பிள்ளைகள், அதில் மூவர் விடுதிப் பிள்ளைகள். அந்த ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கியிருந்தது. வீட்டிலிருந்து கடிதமும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஆறு கிழமை போயிருந்தது. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, வியாழக்கிழமை பிற்பகல் நால்வரும் தன்னோடு சாப்பிட வரவேண்டும் என்றார். எதற்கென்று எங்களுக்கு விளங்கவில்லை. வாடகை கூட்டப்போகிறார் என்றுதான் ஒருத்தி சொன்னாள்.

மேசையில் வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, வற்றாளைக் கிழங்கு, கடுஞ்சிவப்பில் கிரான்பெரி, பூசணிக்காய் வைத்த இனிப்பு. உறைப்பு என்று மருந்துக்கும் இல்லை. சாப்பிடுமுன் ஒவ்வொருவரும் தாம் எதற்கு நன்றி கூறுகிறோம் என்று சொல்லவேண்டும், அது அந்த வீட்டு வழக்கம். முதலாமவள் "இந்தச் சாப்பாட்டுக்கு" என்றாள். இரண்டாமவள் "இந்தச் சூடான அறைக்கு" என்றாள். மூன்றாமவள் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. நாலாமவளுக்கு முறையே வரவில்லை. வீட்டுக்கார அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எழும்பி வந்து எல்லோருடைய கோப்பையிலும் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு வைத்தார்.

அந்த நாளின் கதையை நாங்கள் பின்னர்தான் தேடிப் படித்தோம். சிறு வகுப்பில் நாங்கள் எல்லோரும் பாடிய மேரியின் ஆட்டுக்குட்டிப் பாட்டு நினைவிருக்கிறதா? அதை எழுதிய சாரா ஜோசெஃபா ஹேல் என்பவர்தான் இந்த நாளை நாடு முழுவதற்குமான விடுமுறையாக்கப் பாடுபட்டவர். ஐந்து பிள்ளைகளோடு கணவனை இழந்து, எழுதிப் பிழைத்து, பெண்கள் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியரானவர். ஜனாதிபதி மாறமாற விடாமல் கடிதம் எழுதினார். 1863 இல், உள்நாட்டுப் போர் நடுவில், ஆபிரகாம் லிங்கன் நவம்பர் கடைசி வியாழனை நன்றி கூறும் நாளாக அறிவித்தார். இன்றுள்ள நான்காம் வியாழன் 1941 இல் சட்டமானது. போர்க்காலத்தில் பிறந்த விடுமுறை என்று அறிந்தபின் அந்த நாள் எங்களுக்குக் கொஞ்சம் கிட்ட வந்தது.

நியூ இங்கிலாந்து என்று சொல்லப்படும் அந்தப் பக்கத்து மாநிலங்களின் வழக்கம்தான் இது முதலில். 1816 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனரிமாரும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தவர்களே. 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிய ஹரியற் வின்சிலோ, கனெற்றிக்கற் மாநிலத்தவர். எங்கள் ஊர்ப் பெண்களின் படிப்புக்கும் அந்தக் குளிர்நாட்டுக்கும் இருக்கும் இந்தத் தொடர்பு, அங்கே போய்க் குடியேறிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

இனி, நாங்களே சமைத்த முதல் வான்கோழி. 1988. பதினைந்து இறாத்தல் பறவையை புதன்கிழமை இரவு வாங்கிவந்தோம். உறைந்த வான்கோழி குளிரூட்டிக்குள் இளகுவதற்கு ஐந்து இறாத்தலுக்கு ஒருநாள் என்ற கணக்கில் மூன்று நாளாவது வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கோழி என்றால் காலையில் அடித்துப் பகலுக்குச் சமைத்துப் பழகியவர்கள் நாங்கள். வியாழன் காலை அது கருங்கல்லாக இருந்தது. குளியல்தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் போட்டு, முறைவைத்துக் காவல் இருந்தோம். பின்னேரம் நான்கு மணிக்கு அவணில் வைத்து, இரவு பத்து மணிக்கு வெட்டினால் வெளியே கருகல், உள்ளே பச்சை. வயிற்றுக்குள் ஈரலும் கழுத்தும் ஒரு கடதாசிப் பையில் வைத்துத் தருவார்கள் என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தோம், பையோடு வெந்திருந்தது. அன்றிரவு பாணும் சம்பலும் சாப்பிட்டோம். அதுவரை சாப்பிட்ட சம்பல்களில் அதுதான் திறம் என்பது எங்கள் நால்வரின் ஒருமித்த முடிவு.

இப்போது எங்களுக்குக் கைவந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே பறவை குளிரூட்டிக்குள் போய்விடும். புதன் இரவு தயிர், உள்ளி, இஞ்சி, மிளகு, பெருஞ்சீரகம், தேசிக்காய்ப் புளி, ஊரிலிருந்து வந்த தூள் எல்லாம் சேர்த்துத் தோலுக்கும் இறைச்சிக்கும் இடையில் கையை விட்டுப் பூசுவோம். 325 பாகை சூட்டில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானியைக் குத்தினால் 165 காட்டவேண்டும். உள்ளே அடைப்பதற்கு அவர்கள் காய்ந்த பாண்துண்டுகளை வைப்பார்கள். நாங்களும் பாண்தான், ஆனால் வெங்காயமும் கறிவேப்பிலையும் றம்பையும் வதக்கிச் சேர்ப்போம். கிரான்பெரிக்குச் செத்தல் மிளகாயும் வினாகிரியும் போட்டால் எங்கள் மாங்காய்ச் சட்னிக்குத் தங்கச்சி. பூசணிக்காய் இனிப்பில் மட்டும் கைவைக்கப் பிள்ளைகள் விடமாட்டார்கள். ஏலக்காய் போட்டதை ஒருமுறை கண்டுபிடித்துப் பெரிய சண்டை.

சில வருடங்களில் பிள்ளையார் கதை விரதம் அந்தக் கிழமையில் தொடங்கிவிடும். அதற்காக மேசையின் ஒரு பக்கம் மரக்கறிப் பக்கம்: கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பயிற்றங்காய், சொதி, இடியப்பம். எங்களுக்குள் சைவம், கத்தோலிக்கம், புரட்டஸ்தாந்து எல்லாம் உண்டு. பொங்கல் என்றால் ஒரு வீடு, நத்தார் என்றால் இன்னொரு வீடு. எல்லோருடைய குடும்பமும் ஒரே மேசையில் இருப்பது இந்த ஒருநாளில்தான். வெள்ளிக்கிழமை மிஞ்சிய வான்கோழியில் கொத்துரொட்டி. எங்கள் கணவன்மார் வியாழக்கிழமையைப் பொறுத்துக்கொள்வது அதற்காகத்தான் என்று சந்தேகிக்கிறோம்.

அந்த முறைவைத்து நன்றி சொல்லும் வழக்கத்தையும் வீட்டுக்கார அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அது இலேசாக இருக்கவில்லை. எங்களில் ஒருத்தியின் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஆண்டு, அவருடைய முறை வந்தபோது தலையை ஆட்டினார். "எங்கட ஆக்களுக்குள்ள நன்றி எண்டு சொல்லுறதோ? சொன்னால் அதோட கணக்கு முடிஞ்சுபோடும். நான் சொல்லமாட்டன்." பிறகு எங்கள் எல்லோருக்கும் சோறு போட எழும்பிவிட்டார். கடைசிவரை அவர் சொல்லவேயில்லை. அம்மா சொன்னது சரியோ பிழையோ என்று நாங்கள் இன்றும் வாதாடுகிறோம்.

பிள்ளைகள் பாலர் வகுப்பிலிருந்து கடதாசித் தொப்பியும் இறகும் செய்து கொண்டுவருவார்கள். 1621 இல் கப்பலில் வந்த குடியேறிகளும் அந்த மண்ணின் வம்பனோவாக் மக்களும் கூடிச் சாப்பிட்டார்கள் என்ற கதை. உண்மையில் நடந்த விருந்துதான். மூன்று நாள்; மசசோயிற் என்ற தலைவருடன் வந்தவர்கள் தொண்ணூறு பேர், அவர்கள் கொண்டுவந்தது ஐந்து மான். குடியேறிகளில் பாதிப்பேர் முதல் குளிரிலேயே இறந்து, மணமான பெண்கள் நால்வர்தான் மிஞ்சியிருந்தார்களாம். ஏறக்குறைய நூற்றுநாற்பது பேருக்கு நால்வர்! அந்த நால்வரையும் நினைத்து நாங்கள் ஆண்டுதோறும் குசினியில் பெருமூச்சு விடுவதுண்டு.

ஒருமுறை எல்லோரும் பிளிமத் ஊருக்குப் போனோம், எங்கள் இடத்திலிருந்து தெற்கே ஒரு மணித்தியாலப் பயணம். 1620 என்று வெட்டிய கல்லைப் பார்த்தோம், சிறிய கல்தான். அதற்கு மேலே உள்ள குன்றில் மசசோயிற்றின் சிலை. அங்கே வம்பனோவாக் மக்களும் மற்றப் பழங்குடியினரும் 1970 முதல் அதே வியாழக்கிழமையைத் துக்கநாளாகக் கூடி நினைக்கிறார்கள். அந்த விருந்து நடந்து ஐம்பத்தைந்து ஆண்டுக்குள் மசசோயிற்றின் மகன் அதே குடியேறிகளோடு போரிட்டு மாண்டார்.

குடியேறிகளுக்குச் சோளம் நடப் பழக்கிய ரிஸ்குவாண்டம் என்பவரின் கதையையும் அன்றுதான் முழுதாக அறிந்தோம். 1614 இல் அவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி ஸ்பெயினில் விற்றார்கள். எப்படியோ இங்கிலாந்து போய், 1619 இல் ஊர் திரும்பினார். ஊர் இல்லை. அவருடைய பட்டக்செற் கிராமத்தில் அத்தனை பேரையும் நோய் கொண்டுபோயிருந்தது. அடுத்த ஆண்டு வந்த குடியேறிகள் ஊரமைத்தது அந்த வெற்றுநிலத்தில்தான்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எங்களில் ஒருத்தி மெல்ல விலகிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மயிலிட்டிப் பிள்ளை. 1990 இல் அவளுடைய வீட்டார் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். 2017 இல் அவள் போய்ப் பார்த்தபோது வீடு நின்ற இடத்தில் பற்றை, கிணற்றுக்கட்டு மட்டும். அந்தக் கிணற்றுக்கட்டில் இருந்து எடுத்த படம் அவளுடைய கைத்தொலைபேசியில் இருக்கிறது. அன்று முதல் எங்கள் மேசையில், முறை தொடங்குமுன் பிள்ளைகளில் ஒருவர் அந்த நிலம் யாருடையது என்று சொல்வார். பட்டக்செற் என்ற பெயரையும் சொல்வார். அதன்பின் சாப்பாடு. அது போதாது என்று எங்கள் மூத்த மகள்மாரில் ஒருத்தி சொல்கிறாள். போதாதுதான்.

கடைசியாக ஒன்று. எண்பதுகளில் ஊரடங்கு நாட்களில் வீட்டுக்குப் போகமுடியாமல் விடுதியில் மாட்டுப்பட்ட பிள்ளைகளுக்கு, விடுதிக்குப் பொறுப்பாயிருந்த ரீச்சர் தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து கஞ்சி காய்ச்சினார். நாங்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தோம். தான் குடித்தாரா என்று எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. பதினைந்து, பதினாறு வயது எங்களுக்கு.

1995 ஆம் ஆண்டு நன்றி நாள் நவம்பர் 23. அதற்கு மூன்றரைக் கிழமை முன்னர்தான் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்குப் போயிருந்தது. அன்று மேசையில் ஆறு பேர் இருந்தோம். முறை வந்தபோது ஆறு பேரும் தனித்தனியே அந்தக் கஞ்சியைச் சொன்னோம். சாப்பாடு முடிந்ததும் இருந்தபடியே ஆளுக்கொரு கடிதம் ரீச்சருக்கு எழுதினோம். உறையில் எழுத விலாசம் இல்லை. விலாசம் கிடைத்ததும் அனுப்பலாம் என்று பிஸ்கற் தகரத்தில் போட்டு வைத்தோம். இடம்பெயர்ந்த இடத்திலேயே ரீச்சர் காலமான செய்தி 1997 இல் வந்தது.

அந்த ஆறு கடிதங்களையும் இன்று கொண்டுவந்திருக்கிறோம். அதிபர் அவர்களிடம் கொடுக்கிறோம். நூலகத்தில் ஓர் இடத்தில் இருக்கட்டும். ஒட்டிய உறைகளை நாங்கள் பிரிக்கவில்லை. படிக்க விரும்பும் பிள்ளைகள் பிரித்துப் படிக்கலாம். எழுத்துப்பிழைகளுக்கு எங்கள் தமிழ் ரீச்சர் பொறுப்பில்லை.

நவம்பர் மாதம் அந்தப் பக்கம் வரும் பழைய மாணவிகள் எவராயிருந்தாலும், எந்த வகுப்பாயிருந்தாலும், முன்கூட்டி ஒரு சொல் சொல்லிவிட்டு வாருங்கள். கதிரை போதாவிட்டால் கட்டிலில் இருந்து சாப்பிடலாம். தூளும் கருவாடும் கொண்டுவந்தால் மகிழ்ச்சி; விமான நிலையத்தில் கருவாட்டைப் பறித்தால் அது உங்கள் பாடு.